நாம் கடைசியாக வந்த வருஷம்

நம் கம்பெனி வாலிபால் டீம் கோப்பை வாங்கிய வருஷத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் குரூப்பில் எழுதிவிட்டீர்கள். ஆட்டக்காரர்களை லாரி மேல் ஏற்றி ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தது, கேன்டீனில் கேசரி போட்டது, மேனேஜரே செருப்பைக் கழற்றிவிட்டு ஆடியது, எல்லாம் வந்துவிட்டது. நானும் கைதட்டும் பொம்மை போட்டேன். அதற்கு அடுத்த வருஷத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தர் ஆரம்பித்தார், இன்னொருத்தர் "அத வுடுங்க, எதுக்கு இப்போ" என்று அடக்கிவிட்டார்.

நான் அந்த வருஷத்தைத்தான் சொல்லப் போகிறேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, சர்க்கரை, மருமகள் என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். இதையும் பேசிவிடலாம். நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சிப்காட்டுக்குப் பின்னால், யூகலிப்டஸ் தோப்பை ஒட்டி ஆறு வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தனவே, அந்த லைன் வீட்டில் முதல் வீடு எங்களுடையது. கடைசி வீடு அட்டாக்கர் அண்ணனுடையது. ஆறு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே குழாய், ஒரே துவைக்கிற கல். காலையில் பனி விலகாத நேரத்தில் ஃபவுண்டரிப் புகையும் யூகலிப்டஸ் இலை வாசமும் கலந்து ஒரு மருந்து வாடை அடிக்கும். இப்போதும் தைலம் தேய்த்தால் எனக்கு அந்தக் குழாயடிதான் ஞாபகம் வருகிறது.

அப்பா மதுரைப் பக்கத்துக்காரர். மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டினார். பிழைக்க வந்த ஊரில் அவருக்குக் குளிரும் பிடிக்கவில்லை, பேச்சும் பிடிபடவில்லை. மளிகைக் கடையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், வீட்டில் அம்மாவின் தருமபுரித் தமிழ். அப்பாவின் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை மட்டும் மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு வாரம் முழுக்கப் பேசாததை எல்லாம் பேசித் தீர்ப்பார். சைக்கிள் மணியைக் கழற்றிக் கையில் கொண்டுவருவார். நம் பக்கம் பாயின்ட் விழுந்தால் கிணிங், கிணிங். ஊரை விட்டு வந்தவருக்கு அந்த டீம்தான் ஊராக இருந்தது. இது எனக்கு அப்போது புரியவில்லை. அவரோடு நானும் கத்தினேன், அவ்வளவுதான். பையன் இல்லாத குறைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பழக்கியவர் அவர்.

சீசன் தொடங்கும் முன் பர்சனல் ஆபீசர் கேன்டீனில் பேசினார். டெம்பரரியாக எடுத்திருக்கும் ஆட்டக்காரர்கள் இந்த வருஷமும் கோப்பை வாங்கினால் பர்மனென்ட் ஆவார்கள் என்றார். டீம் சரியாக ஆடாவிட்டால் கம்பெனி இதற்காகச் செலவு செய்வதில் அர்த்தமில்லை என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சு யார் காதிலும் விழவில்லை. போன வருஷம் ஜெயித்தவர்களுக்குத் தோற்பது எப்படி என்று தெரியுமா?

தெரிந்துகொண்டோம். முதல் ஆட்டத்தில் செயின் கம்பெனியிடம் தோற்றோம். இரண்டாவதில் கண்ணாடிக் கம்பெனியிடம் தோற்றோம். மூன்றாவது போச்சம்பள்ளிக்குப் போய்த் தோற்றோம். அந்தக் காலத்து ஆட்டத்தில் சர்வீஸ் போட்ட பக்கம் ஜெயித்தால்தான் பாயின்ட், இல்லாவிட்டால் சர்வீஸ் மட்டும் கை மாறும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால் தோற்பதுகூட மெதுவாகத்தான் நடக்கும். சர்வீஸ் நம் கைக்கு வரும், போகும், வரும், போகும். நம் எண் மட்டும் நாலிலேயே நிற்கும். அவர்கள் எண் ஒவ்வொன்றாக ஏறிப் பதினைந்துக்குப் போகும்.

பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புது மஞ்சள் பனியன் ராசியில்லை என்றார்கள். பழைய நீலத்தைத் தேடிப் போட்டும் தோற்றோம். மைதானத்தின் வடக்குப் பக்கம் சரியில்லை என்றார்கள். அப்பா, ஜெயிக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டையும் நிறுத்தினார்.

"ஏங்க, பந்து வெளாட்டுக்கு யாராச்சும் சோத்த வுடுவாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒனக்குத் தெரியாது. பேசாம இரு" என்றார் அப்பா.

நான் என் பங்குக்குச் சனிக்கிழமைதோறும் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு வெறுங்காலில் ஏறினேன். வேண்டிக்கொள்ளும்போது ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போடுவேன். யாரையாவது விட்டுவிட்டால் அவர் கையில்தான் பந்து தவறும் என்று பயம்.

ஆட்டக்காரர்களில் இரண்டு பேரைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கேப்டன். உயரம் கம்மி, பேச்சும் கம்மி. பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பது அவர் வேலை. தூக்கிக் கொடுத்ததை அடிப்பது அட்டாக்கர் அண்ணன் வேலை. சாமல்பட்டியில் மானாவாரிக் காடு வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவர். பிரஸ் ஷாப்பில் டெம்பரரி. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போவார்கள், ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள். போன வருஷம் அண்ணன் அடித்த பந்து ஒன்று தரையில் பட்டு எழும்பி, மைதானத்து வேலியைத் தாண்டி ரோட்டில் போன பால் வண்டிக்குள் விழுந்ததைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

இந்த வருஷம் கேப்டன் பந்தைத் தாழ்வாகக் கொடுத்தார். வலைக்குச் சற்று மேலே, இடது பக்கமாக. அண்ணன் அதைத் தட்டிவிடுவதுபோல் அடித்தார். எதிராளி சுலபமாக எடுத்தான். "தூக்கிக் குடுப்பா! கையில என்ன, சுண்ணாம்பா வச்சிருக்க?" என்று அப்பா கத்துவார். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து கத்துவார்கள். கேப்டன் திரும்பிப் பார்க்க மாட்டார். அடுத்த பந்தையும் தாழ்வாகவே கொடுப்பார்.

காரணம் எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெரிந்தது. பள்ளி விடுமுறை. அம்மா அரைத்த தோசை மாவில் ஒரு கிண்ணம் கொடுத்து கடைசி வீட்டு அண்ணியிடம், அட்டாக்கர் அண்ணன் மனைவியிடம், கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அண்ணி அப்போது ஆறு மாதம். கதவு சாத்தாமல் இருந்தது. அண்ணன் ஸ்டூலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி அவருடைய வலது தோளில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டை வீங்கி, எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது. "இப்போ தூக்குங்க பாக்கலாம்" என்றாள் அண்ணி. அவர் கையைத் தூக்கினார். மார்பு உயரத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வலைக்கு மேலே எழும்பி அடிக்கிற கை அது.

என்னைப் பார்த்ததும் அண்ணி பதறி எழுந்தாள். அண்ணன் பதறவில்லை. "பாப்பா, இங்க வா" என்றார். போனேன்.

"பிரஸ்ல ஷீட்டு இழுக்கறப்போ புடிச்சிக்கிச்சு. ரெண்டு மாசமாச்சு. கம்பெனி டாக்டருகிட்ட போனா, ஆளு ஆவாதுன்னு எழுதிருவான். டெம்பரரிய வெச்சிக்கிட்டு வைத்தியம் பாக்க மாட்டாங்க, வூட்டுக்குப் போன்னுருவாங்க. பர்மனென்ட் ஆயிட்டா அப்புறம் எது வந்தாலும் பாத்துக்கலாம். கேப்டனுக்குத் தெரியும். இப்போ ஒனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியக்கூடாது. சொல்ல மாட்ட இல்ல?"

"சொல்ல மாட்டண்ணா."

"அப்பாகிட்டயும்?"

"அப்பாகிட்டயும்."

அவர் இடது கையால் என் தலையைத் தடவினார். அண்ணி எனக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தாள். டீமின் ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற பெருமையில் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

பெருமை ஒரு வாரம்தான் இருந்தது. நாலாவது ஆட்டம் பாகலூரில். கம்பெனி பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் ரோஜாத் தோட்டம், முட்டைகோஸ் லாரிகள். பஸ்ஸில் யாரும் பாடவில்லை. போன வருஷம் இதே ரோட்டில் பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தட்டி நசுக்கியிருந்தோம். அங்கே மைதானத்தில் தண்ணீர் தெளித்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். செம்மண் வாசம் எழுந்தது. முதல் செட் பதினைந்துக்கு மூன்று. இரண்டாவதில் எப்படியோ பதினொன்று வரை வந்தோம். அப்பா மணியை அடித்து அடித்து அதன் மூடியே கழன்றுவிட்டது. அப்போது கேப்டன் ஒரு பந்தைத் தவறிப்போய் உயரமாகத் தூக்கிவிட்டார். போன வருஷம் தூக்குவதுபோல. எல்லோரும் "ஆ!" என்று எழுந்தோம். அண்ணன் ஓடி வந்து எழும்பினார். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பந்து அவர் தலையில் விழுந்து வலைக்குள் போனது.

கூட்டம் சிரித்தது. உள்ளூர்க்காரர் ஒருவர், "ஹோகலி பிடப்பா!" என்று கையை ஆட்டினார். போகட்டும் விடப்பா என்கிற அந்தச் சாதாரணக் கன்னடப் பேச்சை என்னால் பல வருஷம் கேட்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். வாரக்கணக்கில் வளர்ந்த தாடி. காலையிலிருந்து சாப்பிடாத முகம். நேராக அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"ஏண்டா, மேட்ச வித்துட்டியா?"

அண்ணன் இடது கையால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒன்னத்தேன் கேக்குறேன். பக்கத்து வீட்டுக்காரன்னு பாக்குறேன். எவன்கிட்ட வெல போன? பெங்களூர்க் கம்பெனிக்காரன் கூப்புட்டுட்டானா? அதுக்குத்தேன் இப்புடி நடிக்கிறியா?"

"அண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே" என்று கேப்டன் குறுக்கே வந்தார்.

"நீ பேசாத. நீயும் கூட்டு. பந்தக் குடுக்குற லட்சணத்தத்தேன் பாக்குறோமே!"

அப்பா அண்ணனின் பனியனைப் பிடித்து உலுக்கினார். வலது தோளில். அண்ணனின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் அப்பாவுக்கு மேலே பார்த்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். சொல்லாதே என்பதற்காகப் பார்த்தாரா, சொல்லிவிடு என்பதற்காகப் பார்த்தாரா? இன்றுவரை தெரியவில்லை. நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன். அதைவிட, அப்பாவைப் பார்த்தால் பயமாக இருந்தது.

திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக அப்பா அந்த மணியை வெளியே எறிந்தார். ரோஜாத் தோட்ட முள்வேலிக்குள் எங்கோ விழுந்தது. வாசலில் அண்ணியைப் பார்த்தாலும் பேசக் கூடாது என்று அன்றைக்கே வீட்டில் உத்தரவு ஆகிவிட்டது. நாங்கள் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை அண்ணி அவள் பின்வாசலிலேயே குடத்தோடு நிற்பாள்.

இரண்டு ஆட்டம் பாக்கி. இரண்டையும் ஜெயித்தால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம். கடைசியாக வந்தால் டீமைக் கலைத்துவிடுவார்கள் என்று ஷாப்பில் பேச்சு. அந்த வாரம் அப்பா லேத்தில் இரண்டு பீஸைக் கெடுத்துவிட்டு மெமோ வாங்கி வந்தார். சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தார். "டீம் போச்சுன்னா ஞாயித்துக்கெழம நான் எங்க போவேன்?" என்று ஒருமுறை கேட்டார். யாரையும் கேட்கவில்லை, சுவரைக் கேட்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழப்போகிறார் என்று நினைத்தேன்.

எனக்கு வழி தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. அந்தக் கூட்டத்திலேயே நோய் எங்கே இருக்கிறது என்று எனக்கும் கேப்டனுக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணன் இரண்டு ஆட்டம் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் போதும். வெளியே உட்கார்ந்திருக்கும் கேப்டனின் மச்சினன் அவர் இடத்தில் ஆடுவான். நாம் ஜெயிப்போம். டாக்டர் அண்ணனுக்கு ஊசி போடுவார், தோள் சரியாகிவிடும். டீம் பிழைக்கும், அப்பா சவரம் செய்துகொள்வார், அண்ணன் பர்மனென்ட் ஆவார். பன்னிரண்டு வயதுக் கணக்கு. எல்லாம் சரியாக வந்தது.

ஸ்கோர் எழுதி வைக்கிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். என் எழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். அது இன்னும் எனக்கு மனப்பாடம்.

"அட்டாக்கருக்கு வலது தோள் கெட்டுவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு மாதமாக மறைக்கிறார். வேறு ஆளைப் போடவும். இப்படிக்கு டீம் நலம் விரும்பி."

யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதத்தானே செய்தேன், அதனால் வாக்குத் தவறவில்லை என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனபோது, கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ் சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்து மாட்டியிருந்த ஆலோசனைப் பெட்டிக்குள் போட்டேன். வாட்ச்மேன் பார்த்தார். சிரித்தார். "என்ன பாப்பா, கேன்டீன்ல இட்லி சரியில்லன்னு எழுதிப் போட்டியா?" என்றார். நான் ஓடிவிட்டேன். வெறும் விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிறகு ஊரே யார் எழுதியது என்று தேடியபோதும் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

பெட்டியைத் திறந்தது வெள்ளிக்கிழமை. அன்றைக்கே அண்ணனைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். கையைத் தூக்கச் சொன்னார்களாம். சனிக்கிழமை காலையில் அவருடைய கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊசியும் இல்லை, ஓய்வும் இல்லை. உடம்புக் குறையை மறைத்து வேலை செய்தார் என்று ஒரு பேப்பர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் யாரோ பெயர் போடாமல் எழுதிப் போட்டிருப்பதையும் சொன்னார்களாம். பிரஸ் ஷாப்பில்தான் தோள் போனது என்று அவர் சொன்னதை எழுதிக்கொள்ளக்கூட அங்கே ஆளில்லை.

அன்றைக்கே காலி செய்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஸ்டவ், சுருட்டிய பாய், இரண்டு குடம். கிருஷ்ணகிரி பஸ் பிடித்து, அங்கிருந்து ஊத்தங்கரை பஸ்ஸில் சாமல்பட்டி போகவேண்டும். லைன் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றோம். அப்பாவும் நின்றார். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. உலுக்கிய தோள் எது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. அண்ணன் பக்கம் ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார்.

கேப்டன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வேர்த்து ஊற்றியது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அண்ணி அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"எழுதியும் போட்டுட்டு, வழியனுப்ப வேற வந்துட்டியா?"

கேப்டனுக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்ற?"

"இவுரு தோளு ஒடிஞ்சது ஒன்னத் தவர யாருக்குத் தெரியும்? ஒம் மச்சினன் ஆடோணும். அதுக்கு என் வூட்டுக்காரரு வேலைய வாங்கிட்ட. நல்லா இருப்பா. நல்லா இரு."

"சத்தியமா நான் எழுதலம்மா. டேய், நீ சொல்லுடா. நான் எழுதுவனாடா?"

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. "பாப்பாவுக்கும்தான தெரியும்?" என்று கேப்டன் தடுமாறிக் கேட்டார். அண்ணன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அண்ணன் அப்போதுதான் பேசினார். "கொழந்த மேல ஏன்டா பழியப் போடற? பாப்பா சொல்லாது. அதுக்கு நம்ம மேல உசுரு."

அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். குழந்தையைப் போய்ச் சந்தேகப்பட்டான் பார் என்று அங்கே நின்றவர்களுக்குக் கேப்டன் மேல் இன்னும் வெறுப்பு வந்தது. நான் வாயைத் திறந்தால் போதும். திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அண்ணன் டிரங்குப் பெட்டியை இடது தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கேப்டன் கீழே கிடந்த சைக்கிளைத் தூக்காமல் நின்றார்.

மறுநாள் ஆட்டத்தில் ஜெயித்தோம். ஆமாம், உங்களுக்கு மறந்திருக்கும். மச்சினன் ஆடினான், நன்றாகவே ஆடினான். ஏழு வாரத்தில் முதல் ஜெயம். எல்லோரும் குதித்தார்கள். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், அவர் தாடி என் கன்னத்தில் குத்தியது. அவர் சட்டையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். வெயில் என்று சொன்னார்கள். கடைசி ஆட்டத்தில் தோற்றோம். கடைசி இடம். அடுத்த மாதம் டீமைக் கலைத்துவிட்டார்கள். சீசன் தொடங்கும் முன்பே அந்த முடிவை எடுத்துவிட்டார்களாம், பர்சனல் ஆபீசில் வேலை செய்த ஒருவர் பல வருஷம் கழித்துச் சொன்னார். நாம் ஜெயித்திருந்தாலும் கலைத்திருப்பார்கள்.

கேப்டன் அதற்குப் பிறகு எங்கேயும் ஆடவில்லை. அவருக்கு நாம் வைத்த பெயர் உங்களுக்கு மறந்திருக்காது. மொட்டைக் கடுதாசி. கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. அதை ஆரம்பித்து வைத்ததே என் அப்பாதான். அண்ணனை அடிக்கப் போன குற்றவுணர்ச்சியை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கேப்டன் தலையில் இறக்கினார். சாகும்வரை அந்தக் கதையைச் சொன்னார். "கூட இருந்தே குழி பறிச்சாம்ப்பா" என்று முடிப்பார். நூறு தடவை கேட்டிருப்பேன். நூறு தடவையும் சும்மா இருந்தேன்.

பள்ளியில் கேப்டனின் மகளை "கடுதாசி மகளே" என்று கூப்பிட்டது யார்? நாம்தான். இந்தக் குரூப்பில் அவள் ஏன் இல்லை என்று யாராவது யோசித்தோமா? எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

போன வருஷம் கேப்டன் தவறிப்போனார். கிருஷ்ணகிரியில் மகள் வீட்டில் இருந்தார். நான் போனேன், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் பஸ் ஏறிச் சாமல்பட்டிக்குப் போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விசாரித்தேன். "கை வராத பெரியவரா?" என்று கேட்டு வழி காட்டினார்கள்.

அண்ணன் மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தது. யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாப்பாவா! அடேங்கப்பா! இந்தா, யாரு வந்திருக்காங்க பாரு!" அண்ணி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறானாம். மோர் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணா, அந்த லெட்டர எழுதினது நான்."

அவருக்குப் புரிய நேரமானது. நான் மறுபடி சொன்னேன். இடது கையால் எழுதியதை, பெட்டியில் போட்டதை, என்ன நினைத்து எழுதினேன் என்பதை. அண்ணி என் கையை விட்டாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. எடுக்கிற சத்தம் கேட்கவில்லை.

அண்ணன் மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அவன் இருக்கானா?"

"இல்லண்ணா. மூணு மாசம் ஆச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "ரெண்டு வாட்டி இங்க வந்தான். மொத வாட்டி, எம் பையன் பொறந்தப்போ. அப்புறம் அவன் ரிட்டையர் ஆனப்போ. ரெண்டு வாட்டியும் படலுக்கு வெளியவே நிக்க வெச்சி அனுப்பிட்டன். ஒரு வாய் தண்ணி குடுக்கல. ரெண்டாவது வாட்டி, 'நான் எழுதலடா'ன்னு மட்டும் சொன்னான். போடான்னன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் காதில் விழுந்ததாகவும் தெரியவில்லை.

"அவன் சம்சாரம் இருக்குதா?"

"இருக்காங்க. கிருஷ்ணகிரில, மகள் வீட்ல."

"வூடு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். அண்ணியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கிருஷ்ணகிரி வரை திரும்பவில்லை. அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நான் வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தோம். தெருமுனையில் வீட்டைக் காட்டினேன். கேட்டைத் திறக்கப் போனேன்.

"நீ வராத" என்றார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். கேப்டனின் மகள் கதவைத் திறந்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் உள்ளே கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான பெண் குரல் உடைந்து எழுந்தது. அழுகைக்கு நடுவே, "இத அவரு காதால கேட்டுட்டுப் போயிருக்கலாமே, அவரு இருக்கறப்பவே ஒரு நாள் வந்திருக்கக் கூடாதா" என்று வார்த்தை வார்த்தையாகத் தெருவுக்கு வந்தது. கடைக்காரப் பெண் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். "யாருங்க்கா, தெரிஞ்சவங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

ஒரு மணி நேரம் ஆனது. அண்ணன் வெளியே வந்தார். கேட்டைச் சாத்தினார். நான் ரோட்டைக் கடந்து அவர் பக்கம் போனேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாக, நின்று பார்த்தார். பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் தனியாக நடந்து போனார்.